பூரணி சறுக்கிய தரை: மூன்று நாய்கள் உள்ள வீட்டில் சமையலறைத் தரை மாற்றியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அன்று பூரணி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள், அவ்வளவுதான். பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிப் போய், வயிறு தரையில் பட அப்படியே அமர்ந்துவிட்டாள். எழ முயன்றாள். முன்னங்கால் நகங்கள் டைல்ஸில் கீறும் சத்தம் மட்டும்தான் கேட்டது, உடம்பு அசையவில்லை. நான் ஓடிப்போய் இடுப்புக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 11 வயது லாப்ரடார், 31 கிலோ. அதற்கு முன் அவள் என்னிடம் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, தொடையின் உள்பக்கத் தசை இழுபட்டிருக்கிறது என்றார். இடுப்பு மூட்டில் தேய்மானம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். "மாத்திரை நான் எழுதித் தரேன்மா. ஆனா தரையை நீங்கதான் பார்க்கணும். இதே தரையில இவ நடந்தா மாத்திரை என்ன செய்யும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலை ஆரம்பித்தது. நாய் வளர்ப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, பார்த்ததையும் செய்ததையும் தவறிப்போனதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடும் நாய்களும்

சமையலறை 3.2 மீட்டருக்கு 3.8 மீட்டர். ஒரு பக்கம் பின்வாசல், எதிர்ப்பக்கம் நடைவழி. இரண்டு வாசல்களுக்கும் நடுவில் குறுக்காக நடப்பதுதான் நாய்களின் வழக்கமான பாதை. தரையில் இருந்தது 60 செ.மீ. சதுர விட்ரிஃபைடு டைல்ஸ், கண்ணாடி போன்ற பாலிஷ். வீடு கட்டும்போது நான் ஆசைப்பட்டுப் போட்டது.

பூரணியைத் தவிர இன்னும் இரண்டு பேர். வாலு, 2 வயது, கலப்பினம், 19 கிலோ. அவனுக்கு நடை தெரியாது, ஓட்டம்தான். பின்வாசல் கதவு மூடியிருந்தால் அதன் முன் நின்று தரையைத் தோண்டுவான். பொடியன் 5 வயது டாக்ஸ்ஹுண்ட். நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட இந்த இனத்தில் முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கும் நோய் அதிகம். கால் சறுக்கி முதுகு முறுக்கிக்கொள்வது இவனுக்கு நல்லதே இல்லை.

பூரணி விழுவதற்கு ஓராண்டு முன்பே தரையை மாற்றலாம் என்று யோசித்ததுண்டு. அப்போது எனக்கு இருந்த ஒரே கேள்வி, எந்தத் தரையில் நகக் கீறல் விழாது என்பதுதான். கடைகளில் கேட்டதும் அதையே. எல்லோரும் கீறல் விழாத தரையைத்தான் காட்டினார்கள். நாய் நிற்குமா, திரும்புமா, படுத்தால் எழுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஓராண்டில் பூரணி எத்தனை முறை சத்தமில்லாமல் சறுக்கியிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

பத்து நாள் கவனித்தது

உடனே டைல்ஸ் வாங்கப் போகவில்லை. அலமாரியின் மேல் பழைய கைபேசி ஒன்றை வைத்து, பத்து நாள் நாய்களின் நடமாட்டத்தைப் பதிவு செய்தேன். இரவில் உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்த்து, எங்கே கால் வழுக்குகிறது என்று ஒரு தாளில் சமையலறையை வரைந்து புள்ளி வைத்தேன்.

புள்ளிகள் தரை முழுக்கப் பரவவில்லை. பாதிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து ஓர் எட்டு தூரத்துக்குள் விழுந்திருந்தன. நாய் தண்ணீர் குடித்தால் வாயிலிருந்து ஒழுகும். ஒழுகிய இடத்திலேயே அது உடம்பைத் திருப்பவும் வேண்டும், ஏனென்றால் கிண்ணத்தை நான் சுவர் மூலையில் வைத்திருந்தேன். மீதியில் பெரும்பகுதி நடைவழி வாசலில். அங்கே தரை காய்ந்துதான் இருந்தது, ஆனால் வாலு ஓடிவந்து தொண்ணூறு பாகையில் திரும்பும் இடம் அது. அடுப்புப் பக்கத்தில் சில புள்ளிகள், அவை எண்ணெய்ப் பிசுக்கால். நடுத்தரையில் நேராக நடக்கும்போது யாருமே சறுக்கவில்லை, பூரணிகூட.

இந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் முழுத் தரைக்கும் ஒரே மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டிருப்பேன். கிண்ணம் அதே மூலையில்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் பதிவில் தெரிந்தது. பூரணி சமையலறைக்குள் வருவதையே குறைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று தரையைப் பார்ப்பாள், ஒரு காலை எடுத்து வைப்பாள், பின்வாங்குவாள். வயதாகிவிட்டது, சோம்பல் என்று நாங்கள் நினைத்தது சோம்பலே இல்லை. பயம்.

பாதம் எப்படிப் பிடிக்கிறது

நாய் குதிகாலை ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. தரையைத் தொடுவது விரல் மெத்தைகளும் நடுவிலுள்ள பெரிய மெத்தையும். அந்தத் தோல் சொரசொரப்பானது, நுண்ணிய கூம்பு போன்ற புடைப்புகள் நிறைந்தது. பிடிமானம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. நகம் மண்ணிலும் புல்லிலும் குத்தி உந்துவதற்கு. பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயால் அது முடியாது.

சறுக்கும் நாய் விரல்களை மடக்கி நகத்தை ஊன்றப் பார்க்கும். மண்ணாக இருந்தால் அது சரி. டைல்ஸில் நகம் இறங்க இடமே கிடையாது. நகம் ஊன்ற ஊன்ற மெத்தை தரையைவிட்டு மேலே போகிறது, பிடித்துக்கொண்டிருந்ததும் போய்விடுகிறது. பயந்த நாய் இன்னும் இறுக்கமாக மடக்கும், இன்னும் சறுக்கும். பூரணி எழ முடியாமல் தவித்த அந்த நிமிடத்தில் நடந்தது இதுதான்.

நகம் நீளமாக இருந்தால் சறுக்காத நேரத்திலும் இதே கதை. நிற்கும்போதே நகம் தரையில் முட்டி விரலை மேலே தள்ளும். விரல்களுக்கு இடையில் முடி வளர்ந்து மெத்தையை மூடினால், காலுறை போட்டுக்கொண்டு பளிங்கில் நடப்பது போலத்தான். பூரணிக்கு இரண்டும் இருந்தது. அன்றே வெட்டினோம். தரையில் ஒரு பைசாவும் போடாமல் கிடைத்த முதல் முன்னேற்றம் அது. நிற்கும்போது நகம் தரையில் படக் கூடாது, நடந்தால் டக் டக் என்று கேட்கக் கூடாது. வீட்டில் இப்போது அதுதான் அளவு.

கீறல் பற்றியும் ஒரு விஷயம், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கனிமங்களின் கடினத்தை ஒப்பிட ஜெர்மனியின் ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் நம் நகம் ஏறத்தாழ 2.5. நாயின் நகமும் அதே கெரட்டின் புரதத்தால் ஆனது. பளிங்குக்கல்லின் கால்சைட் 3, குவார்ட்ஸ் மணல் 7. அப்படியானால் பளிங்கையோ போர்சலின் என்ற கெட்டிப் பீங்கான் டைல்ஸையோ கீறுவது பெரும்பாலும் நகமில்லை. வெளியிலிருந்து பாதத்தில் ஒட்டி வரும் மணல்தான் கீறுகிறது. மரத்தின் மேல்பூச்சும் வினைல் என்ற பிளாஸ்டிக் தரையும் மென்மையானவை, அங்கே நகமே போதும். பின்வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று நீளமான மிதியடி போட்டால் எந்தத் தரைக்கும் ஆயுள் கூடும்.

எதையெல்லாம் பார்த்தோம்

சிலவற்றை வேகமாகத் தள்ளிவிட்டோம். மரத்தரை பார்க்க அழகு. ஆனால் நாயின் சிறுநீர் ஊறினால் கறுத்த கறை உள்ளே இறங்கிவிடும், இழைத்தாலும் சில நேரம் போகாது. மரம் எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் மேலே பூசிய வார்னிஷ்தான் முதலில் கீறல் வாங்கும். லேமினேட் பலகையின் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருப்பதால் கீறலைத் தாங்கும். உள்ளே இருப்பது அழுத்திய மரநார், இணைப்பு வழியாகத் தண்ணீர் போனால் ஓரம் உப்பிவிடும். நாய்க் கிண்ணம் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். பளிங்கு மென்மையானது, புளிப்பான எது சிந்தினாலும் பளபளப்பை அரிக்கும், பாலிஷ் போட்டால் வழுக்கும். தக்கைத் தரை காலுக்கு இதம், சத்தமில்லை, வெதுவெதுப்பு. பெரிய நாயின் நகம் அதில் பள்ளம் போடும், வாலுவோ தோண்டுகிறவன். லினோலியத்தையும் யோசித்தோம். ஆளி விதை எண்ணெய், தக்கைத்தூள், மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள் எல்லாம் சேர்த்துச் சணல் துணியில் படியவைப்பது. நல்ல பொருள். காரத் தன்மை அதற்கு ஆகாது, பழைய சிறுநீரோ அம்மோனியாவாக மாறிக் காரமாகிவிடும். பூரணிக்கு இரவில் சில நேரம் கட்டுப்பாடு இருப்பதில்லை, காலையில்தான் எங்களுக்குத் தெரியும். அதனால் விட்டுவிட்டோம்.

வினைல் பலகையை அவ்வளவு சீக்கிரம் விட முடியவில்லை. நாய் உள்ள வீடுகளுக்கு எல்லோரும் சிபாரிசு செய்வது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சத்தம் குறைவு, குளிர்ச்சி அதிகமில்லை. பார்க்க வேண்டியது மேல் தேய்மானப் படலத்தின் தடிமன். 0.3 மி.மீ. படலம் நாய் இல்லாத வீட்டுக்குச் சரி. நாய் இருந்தால் 0.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். மொத்தப் பலகை எத்தனை மி.மீ. என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள், கீறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் விலகியதற்கு மூன்று காரணம். தண்ணீர் புகாது என்று சொல்வது பலகையைத்தான். ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தும் பலகைகளுக்கு நடுவே சிறுநீர் இறங்கினால் அடியில் தங்கி நாற்றம் வரும், கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது. இணைப்பே இல்லாத விரிப்பு வினைல் என்றால் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, பின்வாசல் கண்ணாடி வழியாக மதிய வெயில் ஒரே இடத்தில் விழுகிறது, வினைல் சூட்டில் விரியும். மூன்றாவது வாலு. பெயர்ந்த ஓரம் ஒன்று கிடைத்தால் மிச்சத்தைக் கடித்தே எடுத்துவிடுவான். இந்த மூன்றும் இல்லாத வீடாக இருந்தால், அதிலும் மாடி வீடாக இருந்தால், நான் வினைலைத்தான் சொல்வேன். அங்கே ஒரு எச்சரிக்கை: ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியை வினைல்மேல் போட்டு வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள வேதிப்பொருள் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறை ஆகிவிடும், துடைத்தால் போகாது.

ஆக மிஞ்சியவை இரண்டு: ரப்பர் தரையும், பளபளப்பில்லாத போர்சலின் டைல்ஸும்.

டைல்ஸ் பெட்டியில் உள்ள எண்கள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றைப் படிக்கத் தெரியாமல்தான் நான் முதல்முறை ஏமாந்தேன். போர்சலின் என்றால் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சிறுநீர் உள்ளே இறங்காமல் இருக்க இந்த எண்தான் காப்பு. மெருகுப்பூச்சு உள்ள டைல்ஸுக்கு பி.இ.ஐ. என்று 0 முதல் 5 வரை தேய்மான எண் தருவார்கள், வீட்டுச் சமையலறைக்கு 4 தாராளம். பூச்சே இல்லாமல் மேலிருந்து அடிவரை ஒரே நிறமாக உள்ள டைல்ஸுக்கு அந்த எண் பொருந்தாது.

வழுக்கலுக்கு ஆர் என்ற எழுத்துடன் 9 முதல் 13 வரை எண் இருக்கும். எண்ணெய் ஊற்றிய சரிவுப் பலகையில் ஒருவர் பூட்ஸ் போட்டு நடப்பார். பலகையைச் சாய்த்துக்கொண்டே போய், எந்தச் சாய்வில் கால் வழுக்குகிறதோ அதை வைத்து எண். 6 முதல் 10 பாகை தாங்கினால் ஆர்9, 10 முதல் 19 என்றால் ஆர்10, 19 முதல் 27 என்றால் ஆர்11. பூட்ஸ் என்பதைக் கவனியுங்கள். நாய் பூட்ஸ் போடுவதில்லை. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து பார்க்கும் இன்னொரு சோதனை உண்டு, அதில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். நீச்சல் குளத்து ஓரங்களுக்கானது. நாயின் பாதத்துக்கு இது கொஞ்சம் நெருக்கம் என்பது என் எண்ணம், அதனால் ஆர்10-உம் பி-யும் சேர்ந்து உள்ளதாகத் தேடினேன். ஆனால் எந்த எண்ணும் நாயை வைத்து அளந்ததில்லை. நாய் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

நாய்களையே நடக்கவிட்டோம்

கடையில் ஒரு துண்டு மாதிரி வாங்கிவந்து கையால் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. நாய்க்கு நான்கு கால். நின்று திரும்ப இடம் வேண்டும். ஆர்9, ஆர்10, ஆர்11 டைல்ஸும் ரப்பர் விரிப்பும் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர் நீளப் பாதை அமைக்கும் அளவுக்கு வாங்கினேன். பழைய தரையின் மேல் அசையாத விரிப்பு போட்டு அதன்மேல் அடுக்கினோம். முதலில் காய்ந்த நிலையில், அப்புறம் தண்ணீர் தெளித்து, கடைசியில் சில சொட்டு எண்ணெய் தடவி. ஓடவிடவில்லை, மெதுவாகத்தான் நடத்தினோம். பூரணியை எண்ணெய்ப் பாதையில் நடத்தவே இல்லை. அதற்கு நானே வெறுங்காலோடு நடந்து பார்த்தேன்.

ரப்பரில் பூரணி படுத்தாள், எழுந்தாள். முதல் முயற்சியிலேயே. அதைப் பார்த்ததும் முடிவு எடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். எண்ணெய் சொட்டிய இடத்தை ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் துடைத்தபோது கறை நின்றது, அந்த இடம் லேசாக உப்பியும் இருந்தது. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சும். தினமும் தாளிக்கும் அடுப்பின் கீழே அது ஆகாது. மனமில்லாமல் ஒதுக்கினோம், ஆனால் அந்த விரிப்பு வீணாகவில்லை. நாய்கள் தூங்கும் பக்கத்து அறையில் இன்றும் அதுதான் கிடக்கிறது.

ஆர்9 காய்ந்திருந்தால் பரவாயில்லை, தண்ணீர் பட்டதும் பொடியனின் பின்னங்கால் இரண்டு முறை விலகியது. ஆர்11 அப்படியே பிடித்துக்கொண்டது, எண்ணெயிலும்கூட. சரி, அப்படியானால் அதுதானே என்றால், சிக்கல் துடைக்கும்போது வந்தது. துடைப்பத்தின் நூல் அந்தச் சொரசொரப்பில் சிக்கியது. நாய் முடி பள்ளங்களில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க முழங்காலிட்டு பிரஷ் போட வேண்டியிருந்தது. துடைக்க முடியாத தரையில் பிசுக்கு படியும், படிந்தால் எவ்வளவு சொரசொரப்பும் வழுக்கும். அதோடு வாலு போல ஓடித் திரும்புகிறவனின் பாதத் தோல் அதில் உரசிப் புண்ணாகலாம் என்று மருத்துவரும் சொன்னார்.

ஆர்10 நடுவில் நின்றது. ஈரத்தில் மூவருக்கும் கால் விலகவில்லை. துடைப்பம் தாராளமாக ஓடியது. ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அப்போதுதான் டைல்ஸ் ஒட்ட வந்தவர் ஒரு யோசனை சொன்னார். "நாய்க்குன்னு டைல்ஸ் பார்க்கிறவங்களை இப்பதான் பார்க்கறேன். பெரிய கல்லு போடாதீங்கம்மா. சின்னதா போட்டா இடுக்கு நிறைய வரும், அந்த இடுக்கே பிடிமானம்." அவர் சொன்னது முழுக்கச் சரி. 60 செ.மீ. டைல்ஸில் நாய் இணைப்பே படாமல் நான்கு காலையும் வைத்துவிடலாம். 20 செ.மீ. என்றால் எப்படி நின்றாலும் ஒரு காலாவது இணைப்பை ஒட்டி இருக்கும், சறுக்கத் தொடங்கினாலும் ஒரு சாணுக்குள் விளிம்பு குறுக்கிடும்.

இணைப்பு அதிகமானால் அழுக்கும் அதிகமாகுமே என்ற கேள்வி வந்தது. இணைப்பை நிரப்பும் சிமென்ட் கலவை உறிஞ்சும், சிறுநீர் நாற்றம் அதில்தான் தங்கும். எபாக்சி என்ற பிசின் கலவை கிட்டத்தட்ட எதையும் உறிஞ்சாது. ஆக முடிவு இப்படி ஆனது: 20 செ.மீ. சதுரம், ஆர்10, பூச்சில்லாத முழு நிறப் போர்சலின், 3 மி.மீ. இணைப்பு, எபாக்சி. நிறம் புள்ளிகளுள்ள நடுத்தரச் சாம்பல். கறுப்பில் பொடியனின் வெளிர் முடியும் வெள்ளையில் பூரணியின் கறுப்பு முடியும் தெரியும் என்பது ஒரு காரணம். பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் தரையில் கால் வைக்கச் சில நாய்கள் தயங்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

வேலை நடந்த நாட்கள்

பழைய டைல்ஸ்மேல் ஒட்டலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. டைல்ஸும் பசையும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தரை உயரும், நடைவழி வாசலில் ஒரு படி உண்டாகும். மூட்டுவலி உள்ள நாய்க்கு அந்தச் சிறிய படி தினமும் பல முறை தண்டனை. பெயர்த்தே எடுத்தோம்.

ஆறு நாட்கள் நாய்களை உள்ளே விடவில்லை. சிமென்ட் சார்ந்த பசையும் தூசியும் காரமானவை, பாதத்தைப் புண்ணாக்கும், நக்கினால் வாயையும். எபாக்சி முழுதாக இறுகும்வரை அதன் பக்கமே விடக் கூடாது. பின்வாசலை அடைத்து வைத்ததில் வாலு பெருங்குரல் எடுத்தான். பரவாயில்லை.

ஒரு தவறு நடந்தது. எபாக்சி இணைப்பு போட்டதும் டைல்ஸ்மேல் படியும் மெல்லிய பிசின் படலத்தை உடனே துடைத்துவிட வேண்டும், இறுகினால் எடுப்பது கஷ்டம். கடைசி நாள் அவசரத்தில் குளிர்பெட்டிப் பக்க மூலையில் ஒரு மீட்டர் அளவுக்குச் சரியாகத் துடைக்காமல் விட்டுவிட்டார்கள். பார்வைக்கு லேசான மினுமினுப்பு, அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டாவது வாரம் பொடியன் அந்த இடத்தில் மட்டும் வழுக்கினான். டைல்ஸின் நுண்ணிய சொரசொரப்பை அந்தப் படலம் நிரப்பிவிட்டிருந்தது. அந்த மூலையில் ஆர்10 என்பது பெட்டியில் மட்டும்தான் இருந்தது. எபாக்சிப் படலம் நீக்கும் திரவத்தை வாங்கி, இரண்டு முறை ஊறவைத்துத் தேய்த்த பிறகு சரியானது. வேலை முடிந்ததும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துத் தரையைப் பாருங்கள், மினுங்கும் இடம் தெரிந்துவிடும்.

அப்புறம் கிண்ணம். அதை மூலையிலிருந்து எடுத்து, நாய் குடித்துவிட்டுத் திரும்பாமல் நேராக நடந்து போகும்படி சுவர் நடுவில் வைத்தேன். அடியில் விளிம்பு உயர்ந்த அகலத் தட்டு. தாளில் இருந்த புள்ளிகளில் பாதியைக் குறைத்தது இந்த இடமாற்றமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

14 மாதங்களுக்குப் பிறகு

பூரணியின் கால்கள் அதற்குப் பிறகு சமையலறையில் ஒரு முறைகூட விலகவில்லை. எழுவது மெதுவாகத்தான், வயது அது. ஆனால் தானாக எழுகிறாள். வாசலில் நின்று தரையைப் பார்ப்பதில்லை, நேராக உள்ளே வந்து அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில், சரியாக என் காலில் தட்டும் இடத்தில் படுக்கிறாள். சூடான பாத்திரம் தூக்கும்போது அது ஆபத்து என்பதால், டைல்ஸின் ஒரு வரிசையை எல்லையாகக் காட்டி அதற்கு அப்பால் படுக்கப் பழக்கினோம். மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

டைல்ஸில் கீறல் இல்லை. வாலு இன்னமும் தோண்டுகிறான், கதவுச் சட்டத்தில்தான் அடையாளம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. நான்காவது மாதம் பூரணியின் இடது முழங்கையில் மென்மையான வீக்கம் ஒன்று தெரிந்தது. கடினத் தரையில் எலும்பு அழுந்தி அழுந்தி நீர் கோத்துக்கொள்வது, பெரிய நாய்களுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். தரை குளிர்ச்சியாக இருப்பதால் மெத்தையை விட்டுவிட்டுத் தரையிலேயே மணிக்கணக்கில் கிடக்கிறாள். இது நான் யோசிக்காத பக்கம். வழுக்காத தரையைத் தேடினேன், படுக்கும் தரையைப் பற்றி நினைக்கவில்லை. தடித்த மெத்தை போட்டால் சூடு என்று தள்ளிவிட்டாள். கடைசியில் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய, அடியில் காற்றோடும் தாழ்வான கட்டில் ஒன்றை வைத்தோம். அதை ஏற்றுக்கொண்டாள். வீக்கம் அதற்குப் பிறகு பெரிதாகவில்லை.

ஒன்பதாவது மாதம் மறுபடி சறுக்கல் ஆரம்பித்தது, வாலுவுக்கு. கலங்கிப் போனேன். தரை தேய்ந்துவிட்டதா என்று பார்த்தால், காரணம் வாளிக்குள் இருந்தது. தரைக்குப் பளபளப்பு தரும் என்று எழுதியிருந்த புதிய திரவம் ஒன்றை வீட்டில் வாங்கியிருந்தார்கள். அது ஒவ்வொரு நாளும் ஒரு படலத்தை விட்டுக்கொண்டே போயிருக்கிறது. வெந்நீரில் நான்கு முறை கழுவியதும் பழைய பிடிமானம் திரும்பியது. இப்போது காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையான திரவம், அதுவும் குறைவாக, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு துடைப்பு. காயும்வரை நாய்கள் வெளியே. சிறுநீர் பட்ட இடத்துக்கு நொதி கலந்த திரவம் மட்டும். அங்கே பிளீச் ஊற்றுவதே இல்லை, சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைப் பாதிக்கும் வாயு கிளம்பும்.

கடினத் தரை என்பதால் கை தவறிய கோப்பைகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வினைலாக இருந்தால் சில பிழைத்திருக்கும். நீண்ட நேரம் நின்று வேலை செய்தால் என் முழங்காலும் சொல்கிறது, அதற்குத் தொட்டி முன்னால் ஒரு மெத்தை மிதியடி. போர்சலின்மேல் ரப்பர் அடிப்பாகம் கறை விடாது.

கடைசியாக ஒன்று, இன்னும் முடியாத வேலை. சமையலறையில் நம்பிக்கை வந்துவிட்டதால் பூரணி இப்போது வேகமாக வெளியே வருகிறாள். வாசலைத் தாண்டியதும் நடைவழியில் அதே பழைய பாலிஷ் டைல்ஸ். சொரசொரப்பிலிருந்து வழுக்கலுக்கு ஒரே எட்டில் போகிறாள், கால் அதை எதிர்பார்ப்பதில்லை. இரண்டு முறை தடுமாறிவிட்டாள். தரையை வாசலோடு நிறுத்தாமல் ஒன்றிரண்டு மீட்டர் நீட்டியிருக்க வேண்டும், பத்து நாள் பதிவு செய்தபோதே அந்த வாசலில் புள்ளிகள் இருந்தனவே. இப்போதைக்கு அங்கே அடி வழுக்காத நீள விரிப்பு கிடக்கிறது. மிச்சம் இருந்த டைல்ஸை எண்ணிப் பார்த்தேன், நடைவழிக்குப் போதாது. அதே தயாரிப்புத் தொகுதி கிடைக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறேன். நிறம் கொஞ்சம் மாறினாலும் வாங்கிவிடுவேன். பூரணிக்கு 12 வயது முடிந்துவிட்டது, தள்ளிப்போட மனமில்லை.